ஆர்மோனியக்காரர் பதில்கள்: மக்கள் ஏன் பாடுவதில்லை?

கத்தோலிக்கக் கோவில் திருப்பலியில், அதாவது பூசையில், பாடும் பாட்டு பற்றி எந்தக் கடிதம் வந்தாலும் ஆசிரியர் என் பக்கம் தள்ளிவிடுவது வழக்கம். ஆர்மோனியத்தில் தொடங்கி, பிறகு கீபோர்டு, இப்போது மறுபடியும் ஆர்மோனியம் என்று கோவில் ஓரத்திலேயே காலத்தைக் கழித்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. இந்த மாதம் கொஞ்சம் காரமான கடிதங்கள்தான் வந்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் பாடற்குழுவில் நல்ல குரல்கள் இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் பயிற்சி எடுக்கிறோம். ஆனால் திருப்பலியில் மக்கள் வாயே திறப்பதில்லை. ஏதோ கச்சேரி கேட்க வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். என்ன செய்வது?
- பாடற்குழு உறுப்பினர், மணப்பாறை

பதில்: போன மாதத்துப் பாடல் பட்டியலையும் கடிதத்தோடு வைத்திருந்தீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. நான்கு ஞாயிறு, நான்கு புது வருகைப் பாடல்கள். திருவிருந்துப் பாடலும் அப்படியே. நீங்கள் சனிக்கிழமை கற்றுக்கொண்டீர்கள். மக்கள் எப்போது கற்றுக்கொள்வார்கள்? வாய் திறக்காததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

புதுப் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதத்துக்கு ஒன்று போதும். திருப்பலி தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒருவர் எழுந்து நின்று பல்லவியை மட்டும் இரண்டு தடவை சொல்லிக்கொடுக்கட்டும். அதே பாட்டைத் தொடர்ந்து மூன்று ஞாயிறு பாடுங்கள். மூன்றாவது வாரம் பின்வரிசைப் பாட்டிகளும் சேர்ந்துகொள்வார்கள். பாட்டிகள் பாடிவிட்டால் அந்தப் பாட்டு ஊரில் நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது சுருதி. எழுபது சதவீதக் குற்றம் இங்கேதான் என்பது என் கட்சி. கேசட்டிலும் யூடியூபிலும் பாடுகிறவர்கள் பின்னணிப் பாடகர்கள். அவர்களுக்கு வசதியான கட்டையில் நாம் அப்படியே எடுத்தால், சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஆண்கள் வாயை மூடிக்கொள்வார்கள், பெண்கள் கீச்சிடுவார்கள். சபை பாடும் பாட்டில் உச்ச ஸ்வரம் மேல் 'டி'யைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டன் எதற்கு இருக்கிறது? காலை முதல் பூசைக்கு இன்னும் அரைக் கட்டை இறக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் தொண்டை திறந்திருக்காது, பங்குத்தந்தை உட்பட.

அப்புறம் அந்த முன்னிசை. கீபோர்டு, ரிதம் பேட், புல்லாங்குழல் டோன் என்று முக்கால் நிமிடம் பிஜிஎம் ஓடினால், எங்கே பாட ஆரம்பிப்பது என்று யாருக்குத் தெரியும்? பல்லவியின் கடைசி வரியை ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும். சரணங்களுக்கு நடுவிலும் அதே அளவுதான்.

கடைசியாக மைக். எங்கள் பக்கத்துக் கோவில்களில் பாடற்குழுவுக்கு நான்கு மைக், கீபோர்டுக்கு ஒரு லைன், ரிதம் பேடுக்கு ஒரு லைன். மண்டபத்தில் முந்நூறு பேர் சேர்ந்து பாடினாலும் அது யாருக்கும் கேட்காது. தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் மனிதன் பாட மாட்டான். நான்கை இரண்டாக்குங்கள். பல்லவி வரும்போது முன்பாடகர் மைக்கைவிட்டு ஓரடி பின்னால் நகரட்டும். முதல் வாரம் ஒரு வெறுமை இருக்கும். பயப்படாதீர்கள், அந்த வெறுமையைப் பார்த்துத்தான் மக்கள் உள்ளே வருவார்கள்.

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் தேதி வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம் பாடற்குழுக்களை வளர்க்கச் சொல்கிறது. அதே பத்தியிலேயே, கூடியிருக்கும் மக்கள் எல்லாரும் தங்கள் பங்கைப் பாட வழி செய்யுங்கள் என்றும் சொல்கிறது. நம்மில் பலர் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டோம்.

கேள்வி: நற்கருணை மன்றாட்டின்போது நான் கீபோர்டில் மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் வாசிப்பேன். குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் பக்தி கூடுகிறது என்று பலர் பாராட்டுகிறார்கள். புதிதாக வந்த உதவிப் பங்குத்தந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். மனது கஷ்டமாக இருக்கிறது.
- இளைஞர், திண்டுக்கல்

பதில்: தம்பி, உதவிப் பங்குத்தந்தை சொன்னதுதான் சரி. திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிமுறையில் 32ஆம் எண்ணைப் பாருங்கள். குரு தமக்குரிய மன்றாட்டுகளைச் சொல்லும்போது வேறு செபமோ பாடலோ கூடாது, இசைக்கருவிகளும் ஒலிக்கக் கூடாது என்று இருக்கிறது. எல்லாரும் அந்தச் சொற்களைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்பதுதான் அதற்குக் காரணம்.

பக்தி கூடுகிறது என்று நீங்கள் சொல்வது புரிகிறது. கூடுவது பக்தியா உருக்கமா என்பதுதான் கேள்வி. சினிமாவில் அம்மா சாகும் காட்சிக்கு வயலின் வாசித்து நம்மைப் பழக்கிவிட்டார்கள். இசை வந்தால்தான் அழ வேண்டும் என்று ஆகிவிட்டது. உங்கள் கைக்கு வேலை வேண்டுமென்றால் 'தூயவர்' பாட்டு இருக்கிறது, எழுந்தேற்றத்துக்குப் பின் மக்கள் சொல்லும் ஆர்ப்பரிப்பு இருக்கிறது, மன்றாட்டின் முடிவில் பெரிய 'ஆமென்' இருக்கிறது. அந்த ஆமெனை எத்தனை கோவில்களில் முணுமுணுக்கிறார்கள் தெரியுமா? அதற்கு ஒரு நல்ல மெட்டுப் போட்டு எல்லாரையும் பாட வையுங்கள். ஸ்ட்ரிங்ஸ் வாசித்ததைவிடப் பெரிய தொண்டு அது.

கேள்வி: ஒருமுறை பாடுவது இருமுறை செபிப்பதற்குச் சமம் என்று புனித அகுஸ்தினார் சொன்னாரா?
- ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அவர் பெயரில்தான் ஓடுகிறது. ஆனால் அவருடைய நூல்களில் அந்த வாக்கியம் அப்படியே கிடையாது. பொது விதிமுறையின் 39ஆம் எண் அதைப் பழமொழி என்றுதான் குறிப்பிடுகிறது. அதிலும் 'நன்றாகப் பாடுகிறவர்' என்று இருக்கிறது. அந்த 'நன்றாக' மட்டும் நம் ஊர்ச் சுவரொட்டிகளில் எப்படியோ விடுபட்டுவிடும். பாடுவது அன்பு செய்கிறவரின் செயல் என்ற பொருளில் அகுஸ்தினார் ஒரு மறையுரையில் சொன்னது உண்மை. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் பகுதி இளைஞர்கள் பொங்கல் திருப்பலியில் பறை அடிக்க விரும்பினார்கள். பங்கில் பெரியவர்கள் சிலர், அது சாவுக்கு அடிக்கிற மேளம், பீடத்துக்கு முன் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது?
- அன்பியப் பொறுப்பாளர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: சட்டத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இதில் சட்டத்தை இரண்டு பக்கமும் இழுப்பார்கள்.

1903 நவம்பர் 22, புனித செசிலியா திருநாள் அன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஓர் ஆணை வெளியிட்டார். பியானோ, மேளம், ஜால்ரா போன்றவை கோவிலுக்குள் கூடாது என்று அதில் இருக்கிறது. இத்தாலியில் அப்போது பூசைப் பாட்டு நாடகக் கொட்டகைப் பாட்டாக மாறிக்கொண்டிருந்த கோபம் அது. 1963இல் வத்திக்கான் சங்கம் கதவைத் திறந்தது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுங்கள் என்றது. வழிபாட்டுக்குப் பொருத்தமான, அல்லது பொருத்தமாக்கக்கூடிய, கோவிலின் மாண்புக்கு ஏற்ற கருவிகளை ஆயர் அதிகாரத்தின் இசைவோடு பயன்படுத்தலாம் என்றது. 1967 மார்ச் 5ஆம் தேதி திருவழிபாட்டு இசை பற்றி வந்த அறிவுரையில் இன்னொரு வரி சேர்ந்தது. பொதுக் கருத்தின்படியும் வழக்கத்தின்படியும் உலகியல் இசைக்கு மட்டுமே உரியது என்று கருதப்படும் கருவிகளுக்கு இடமில்லை என்பது அந்த வரி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

சரி, அந்தப் 'பொதுக் கருத்து' யாருடைய கருத்து? தபேலாவிலும் மிருதங்கத்திலும் டோலக்கிலும் இருப்பது தோல்தான். தேர்பவனிக்கு முன்னால் தவில் வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சாவு வீட்டில் பேண்டு வாசிக்கிறவர்களே திருவிழாக் கொடியேற்றத்துக்கும் வாசிக்கிறார்கள். அங்கே தீட்டு ஒட்டவில்லை. பறைக்கு மட்டும் ஏன் ஒட்டுகிறது? அடிக்கிற கை யாருடையது என்று பார்த்துச் சொல்கிற கருத்து அது. அதைப் பொதுக் கருத்து என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் வரலாறும் இதில் சுத்தமானது இல்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற தடுப்புச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. செங்கல் சுவர் போன பிறகும் மேளத்தில் ஒரு சுவர் நின்றுகொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் பறையை வழிபாட்டுக்குக் கொண்டுவரப் போராடியவர்களில் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தெயோபிலஸ் அப்பாவு முக்கியமானவர். 'பரட்டை' என்றால் பலருக்குத் தெரியும். அவர் தென்னிந்தியத் திருச்சபைக்காரர், கத்தோலிக்கர் இல்லை. அதனால் என்ன, நல்ல விஷயத்தை யாரிடமும் கற்கலாம்.

இனி நடைமுறைக்கு வருவோம். பறை திறந்தவெளிக்குப் பிறந்த கருவி. ஓட்டுக் கூரை இருந்தாலும் கான்கிரீட் கூரை இருந்தாலும் உள்ளே எதிரொலி பலமாக இருக்கும். எட்டுப் பேர் வேண்டாம், இரண்டு பறை போதும். தோலை வெளியிலேயே தீயில் காய்ச்சிக்கொண்டு வாருங்கள். வருகைப் பவனிக்கும் காணிக்கைப் பவனிக்கும் அடியுங்கள், பாட்டு தொடங்கியதும் அடிக்குச்சியின் வேகத்தைக் குறைத்துச் சொற்கள் கேட்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திருவிருந்து நேரத்தில் வேண்டாம். இது தவிலுக்கும் ரிதம் பேடுக்கும் பொருந்தும் விதிதான், பறைக்கென்று தனி விதி இல்லை. முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்காத காரணத்தை எழுதப் பலர் தயங்குவார்கள்.

கேள்வி: எங்களுடையது சின்ன கிளைப்பங்கு. கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரில் மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவு) போட்டுப் பாடுகிறோம். தவறா?
- கிளைப்பங்கு மகளிர் குழு, சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் ஆர்வத்துக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனாலும் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள் அம்மா. 1958 செப்டம்பர் 3ஆம் தேதியே உரோமை இதைப் பற்றிச் சொல்லிவிட்டது. கிராமஃபோன், வானொலி, டேப் ரிக்கார்டர் போன்ற தானியங்கிக் கருவிகள் திருவழிபாட்டுக்குக் கூடாது என்று. ப்ளூடூத் அந்தப் பட்டியலின் பேரப்பிள்ளை.

சட்டத்தை விடுங்கள், வேலையைப் பாருங்கள். காணிக்கைப் பவனி சீக்கிரம் முடிந்துவிட்டால் ட்ராக் நிற்குமா? சாமியார் பீடத்தில் கைகழுவிவிட்டுக் காத்துக்கொண்டு நிற்பார், ட்ராக் மூன்றாவது சரணத்துக்கு முன் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கும். நடுவில் யாராவது போன் பண்ணினால் அந்த ரிங்டோனும் சேர்ந்து ஒலிக்கும்.

கருவியே இல்லாமல் பாடுங்கள். சுருதிக்கு வேண்டுமானால் பயிற்சியின்போது ஒரு சுருதிப்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிக் கொடுக்க ஒரு நல்ல குரல், கையால் தாளம் காட்ட ஒருவர், தெரிந்த பாட்டு பன்னிரண்டு. ஆண்டு முழுவதும் அதை வைத்தே ஓட்டலாம். நற்கருணை ஆசீரில் 'மாண்புயர்' பாடும்போது பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் லத்தீனில் எழுதிய வரிகளின் தமிழ் அது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மாக்கள்கூடப் புத்தகமோ கீபோர்டோ இல்லாமல் பிசகாமல் பாடுகிறார்கள். உங்கள் கிளைப்பங்கிலும் அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

கேள்வி: தவக்காலத்தில் எந்த இசைக்கருவியும் கூடாதா? எங்கள் கோவிலில் சாம்பல் புதன் அன்றே கீபோர்டைத் துணியால் மூடிவிடுகிறார்கள்.
- பீடச் சிறுவன், தூத்துக்குடி

பதில்: மூட வேண்டிய கட்டாயம் இல்லை. தவக்காலத்தில் பாட்டுக்குத் துணையாக மட்டும் வாசிக்கலாம், தனி வாசிப்புக் கூடாது. நான்காம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறுக்கும், மார்ச் 19 புனித சூசையப்பர், மார்ச் 25 மங்கள வார்த்தை போன்ற பெருவிழாக்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பெரிய வியாழன் மாலை 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகள் ஒலிக்கும். அதற்குப் பிறகு உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு பாஸ்கா திருவிழிப்பில் அதே பாட்டு வரும்வரை மணி பேசாது, கருவிகளும் பாட்டைத் தாங்க மட்டும்தான்.

என் ருசியைக் கேட்டால், தவக்காலத்தில் ஆர்மோனியம் மட்டும் போதும். சிவரஞ்சனியையும் சுபபந்துவராளியையும் விட்டால் தவக்காலத்துக்கு ராகமே இல்லை என்று நம் இசையமைப்பாளர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஸ்ட்ரிங்ஸும் போட்டால் தாங்காது.

கேள்வி: பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக வேறு ஒரு தியானப் பாடல் பாடலாமா? சமாதானம் பரிமாறும்போது தனிப் பாட்டு உண்டா?
- அருட்சகோதரி, வேலூர்

பதில்: இரண்டுக்கும் இல்லை. முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல் இறைவார்த்தையின் ஒரு பகுதி, அதற்குப் பதில் வேறு பாட்டு வைக்கக் கூடாது. பாட முடியாவிட்டால் வாசிக்கலாம். உன்னதங்களிலே கீதத்தின் சொற்களையும் மாற்றக் கூடாது. நம் ஊரில் மெட்டுக்காகச் சொல்லைச் சேர்ப்பதும் வெட்டுவதும் சாதாரணமாகிவிட்டது. சமாதானப் பாட்டு உரோமை வழிபாட்டு முறையில் இல்லாத ஒன்று என்று உரோமையின் 2014 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அதை நீட்டிப் பாடிவிட்டு 'உலகின் பாவம் போக்கும்' செபத்தை அவசரமாகச் சொல்லி முடிப்பது எனக்குப் பிடிக்காத காட்சி.

கேள்வி: என் மகள் திருமணத்துக்கு மணமகள் நுழையும்போது அந்த 'டண் டண் டடண்' இசைதான் வேண்டும் என்கிறாள். பங்குத்தந்தை மறுக்கிறார்.
- தந்தை, சென்னை

பதில்: அது வாக்னரின் 'லோஹென்கிரின்' ஓபராவில் வருவது, 1850இல் முதலில் மேடையேறியது. அங்கே அது கோவிலுக்குள் நுழையும் பாட்டே இல்லை. கல்யாணம் முடிந்து மணமக்களைப் பள்ளியறைக்கு அழைத்துப் போகும்போது பாடுவது. அந்தக் கல்யாணம் அன்று இரவே முறிந்துவிடும், மணமகள் கடைசியில் இறந்துவிடுவாள். மகளிடம் கதையை முழுதாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் கேட்க மாட்டாள்.

கேள்வி: கிட்டார் பெந்தகோஸ்தே சபைகளுக்கு உரியது, நமக்கு ஆகாது என்கிறார் எங்கள் உபதேசியார்.
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: 'சைலன்ட் நைட்' பாட்டு 1818 கிறிஸ்துமஸ் முந்தின இரவில் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் கத்தோலிக்கக் கோவிலில்தான் முதலில் பாடப்பட்டது. அங்கே உதவிக் குருவாக இருந்தவர் கிட்டார் வாசித்தார். உபதேசியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: பெண்கள் பாடற்குழுவில் சேர ஒரு காலத்தில் தடை இருந்ததாமே? இப்போது எங்கள் குழுவில் ஆண்களே இல்லை!
- வாசகி, புதுச்சேரி

பதில்: இருந்தது. மேலே சொன்ன அதே 1903 ஆணைதான். பாடகர் செய்வது வழிபாட்டுப் பணி, பெண்களுக்கு அந்தப் பணி இல்லை, உச்சக் குரல் வேண்டுமென்றால் சிறுவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்றது. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர், சிறுவர்கள் கிடைக்காத இடத்தில் பெண்களும் பாடலாம், ஆனால் பீடப் பகுதிக்கு வெளியே என்று இளக்கினார். 1967 அறிவுரை ஆண்-பெண் கலந்த குழுவையும் பெண்கள் மட்டுமே உள்ள குழுவையும் ஏற்றுக்கொண்டது. இன்றைக்குப் பெண்களை எடுத்துவிட்டால் தமிழ்நாட்டில் பாதிக் கோவில்களில் வருகைப் பாடலே இருக்காது. ஆண்கள் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியே மரத்தடியில் நிற்கிறார்கள்.

கேள்வி: எங்கள் கீபோர்டு கலைஞர் சம்பளம் கேட்கிறார். பங்குப்பேரவையில் 'இறைப்பணிக்குக் காசா?' என்று சத்தம். உங்கள் கருத்து?
- பங்குப்பேரவைச் செயலர், தஞ்சாவூர்

பதில்: ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கிறீர்கள். சீரியல் லைட்டுக்குக் கொடுக்கிறீர்கள். வாணவேடிக்கைக்குக் கொடுக்கிறீர்கள். அவர்களிடம் யாரும் இறைப்பணி பற்றிப் பேசுவதில்லை. பாட்டுக்காரரிடம் வந்ததும்தான் எல்லாருக்கும் ஆன்மிகம் நினைவுக்கு வருகிறது.

வாரத்தில் ஓர் ஆராதனைக்கு வந்து சந்தோஷமாக வாசித்துவிட்டுப் போகிறவர் வேறு. அவர் காசு கேட்க மாட்டார், கொடுத்தாலும் வாங்க மாட்டார். ஞாயிறு மூன்று பூசை, முதல் வெள்ளி, கல்யாணம், அடக்கம், திருவிழா நவநாள், டிசம்பர் 24 நள்ளிரவு என்று எல்லாவற்றுக்கும் வந்தாக வேண்டும் என்று நீங்களே எதிர்பார்க்கிற ஆள் வேறு. அவர் அந்த நேரத்தில் வெளியே மேடைக் கச்சேரிக்குப் போயிருந்தால் சம்பாதித்திருப்பார். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 231ஆம் எண், நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ திருச்சபையின் சிறப்புப் பணியில் ஈடுபடும் பொதுநிலையினர் தம் தேவைக்கும் குடும்பத்தின் தேவைக்கும் ஏற்ற நியாயமான ஊதியம் பெற உரிமை உள்ளவர்கள் என்கிறது. அதே எண், அந்தப் பணிக்குத் தேவையான பயிற்சியைப் பெறும் கடமையும் அவர்களுக்கு உண்டு என்கிறது. எனவே சம்பளத்தோடு சேர்த்து, அவரைத் திருச்சி கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி போன்ற இடத்துக்கோ மறைமாவட்ட வழிபாட்டுப் பணிக்குழு நடத்தும் பயிற்சிக்கோ உங்கள் செலவில் அனுப்புங்கள்.

தொகையை முன்கூட்டியே பேசி, பேரவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டாரிடம் அவர் தனியாகக் கையேந்தும்படி விடாதீர்கள், கோவில் வழியாகவே கொடுங்கள். போன கிறிஸ்துமஸுக்கு அவர் சொந்தக் காசில் வாடகைக்கு எடுத்துவந்த ஆம்ப்ளிஃபயருக்கு இன்னும் பணம் தரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக அதை வையுங்கள்.